காவல் நின்றவனும் கைதியே!

கோடம்பாக்கம் படைத்துக் காட்டிய கொள்ளைக் கூட்டத்தை நாம் எல்லோரும் அறிவோம். குகை போன்ற ஒரு கூடம். சுவரெல்லாம் துப்பாக்கி. நடுவிலே கட்டுண்டு கிடப்பார் கதாநாயகியின் தந்தை. தலைவன் விரலைச் சொடுக்குவான்; பத்துப்பேர் பாய்ந்து வருவார்கள். "கட்டு" என்றால் கட்டுவார்கள், "அவிழ்" என்றால் அவிழ்ப்பார்கள், "சுடு" என்றால் சுடுவார்கள். ஏன் என்று ஒருவனும் கேட்கமாட்டான். எதற்கு என்று ஒருவனும் யோசிக்கமாட்டான். கொட்டகையிலே அமர்ந்து அந்தக் காட்சியைக் கண்டு கைதட்டியவர்கள்தானே நாம்!

அந்தப் பத்துப்பேர் யார்? ஸ்டண்ட் நடிகர்கள், நாள் கூலிக்கு வந்த உழைப்பாளிகள். டைரக்டர் "கட்" என்றதும் மரத்துப்பாக்கியை மூலையிலே சாய்த்துவிட்டுப் பேட்டாவை வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி வீடு போய்ச் சேருவார்கள். கூலி குறைந்தால் கேட்பதற்கு அவர்களுக்குச் சங்கம் உண்டு. "இவ்வளவு உயரத்திலிருந்து குதிக்கமாட்டேன்" என்று சொல்ல வாய் உண்டு. சொன்னவனுக்கு அன்றைய கூலி போகலாம், உயிர் போகாது.

உண்மையான கடத்தல் கூட்டத்திலே "கட்" சொல்லுவாரில்லை. வீடு திரும்புவாருமில்லை. அங்கே ஆளுவது யார்? அடங்குவது யார்? அடைத்தவன் யார்? அடைபட்டவன் யார்? இந்தக் கேள்விகளுக்கு விடை காண நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. கோடம்பாக்கத்தோடு உறவு கொண்ட ஒரு பெரியவரின் கதையே போதும்.

1954-ஆம் ஆண்டு, ஏவி.எம். நிறுவனத்தின் துணையோடு சென்னையில் உருவான கன்னடப் படம் "பேடர கண்ணப்பா". வேடன் கண்ணப்பனாக அதிலே தோன்றிய இளைஞர் ராஜ்குமார். கன்னடத் திரையுலகம் சென்னையின் ஸ்டூடியோக்களை நம்பி வாழ்ந்த காலம் அது. அவரும் பல்லாண்டு இங்கே குடியிருந்தார். அவருடைய இளைய மகன் புனித் 1975-இல் பிறந்ததும் இந்தச் சென்னையிலேதான். வேடனாக நடித்துப் புகழ் ஏணியில் ஏறியவரை, நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு உண்மையான காட்டுவேட்டைக்காரன் ஒருவன் சிறைபிடித்தான்.

2000-ஆம் ஆண்டு ஜூலை 30 இரவு. தாளவாடிப் பகுதியில், தாம் பிறந்த தொட்ட காஜனூரிலே, பண்ணை வீட்டில் தங்கியிருந்தார் ராஜ்குமார். வயது எழுபத்தொன்று. வீரப்பனும் அவன் ஆட்களும் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். அவரையும் அவரோடு இன்னும் மூவரையும் காட்டுக்குள் கொண்டு சென்றார்கள். முதலமைச்சருக்குச் சேர்க்கும்படி ஓர் ஒலிநாடாவை அவருடைய மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் பெங்களூரில் கடைகள் அடைபட்டன, பஸ்கள் நின்றன. அங்கே உழைத்துப் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் 1991-இன் காவிரிக் கலவரத்தை எண்ணி நடுங்கின. கர்நாடக முதல்வர் எஸ்.எம். கிருஷ்ணா சென்னைக்குப் பறந்து வந்து தமிழக முதல்வர் கருணாநிதியைச் சந்தித்தார். நக்கீரன் ஆசிரியர் கோபால் தூதராகக் காட்டுக்கு நடந்தார், ஒருமுறையல்ல, பலமுறை. நூற்றெட்டு நாட்கள் கழித்து, நவம்பர் 15-ஆம் நாள்தான் ராஜ்குமார் விடுதலையானார்.

தம்மைத் துன்புறுத்தவில்லை என்றுதான் வெளியே வந்தபின் அவர் சொன்னார். இதைப் பிடித்துக்கொண்டு, "பார், எவ்வளவு நல்லவன்!" என்று பேசியவர்களும் உண்டு. நாம் கேட்கிறோம்: அடிக்காமல் அடைத்து வைத்தால் அது சிறையில்லையா? சோறு போட்டவன்தானே சோற்றை நிறுத்தவும் வல்லவன்? பூட்டிய கதவின் சாவியைக் கையிலே வைத்துக்கொண்டு காட்டுகிற அன்புக்கு, அன்பு என்றா பெயர்?

அது நிற்க. இரண்டு அரசுகளைத் தன் வாசலிலே நிற்கவைத்தவன் எத்தனை பெரிய படை வைத்திருந்தான்? விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே! ஒரு காலத்திலே பெருங்கூட்டமாக இருந்தது; கொல்லப்பட்டவர், பிடிபட்டவர், சரணடைந்தவர் போக அது சுருங்கிப்போயிற்று. அந்தச் சிலர் ஏன் அடங்கிக் கிடந்தார்கள்? மழையிலே நனைந்து, அட்டைக்கடி பட்டு, பெண்டு பிள்ளை முகம் காணாமல், ஒருவன் சொல்லுக்கு ஏன் காத்துக் கிடந்தார்கள்?

பாசம் என்பார் சிலர். வீரம் என்பார் சிலர். நாம் அப்படிக் கருதவில்லை. திரும்பும் வழி அடைபட்டுப் போனதுதான் காரணம். கூட்டத்தோடு சேர்ந்து செய்த முதல் குற்றம் வாசல். இரண்டாவது குற்றம் தாழ்ப்பாள். அதன்பின் வெளியே போனால் போலீஸ், உள்ளே முரண்டினால் தலைவன். பக்கத்திலே படுத்திருப்பவன் நண்பனா, வேவுகாரனா? தெரியாது. தெரியாத காரணத்தால் அவனிடம் மனம் திறக்க முடியாது. ஐந்துபேர் தனித்தனியே "இது தகாது" என்று எண்ணினாலும், ஐவரும் ஒருவருக்கொருவர் அஞ்சி, ஐவரும் தலைவனுக்கு அடங்குவார்கள். தலைவனின் பலம் அவன் துப்பாக்கியில் இல்லை. அது அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத மௌனத்திலே இருக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டிலே பிரெஞ்சு நாட்டில் லா போயசி என்ற இளைஞர் இதை ஆராய்ந்தார். கொடுங்கோலனும் இரண்டு கண், இரண்டு கை கொண்ட ஒற்றை மனிதனே. அவனுக்கு ஆயிரம் கண்ணையும் ஆயிரம் கையையும் இரவல் கொடுப்பவர்கள் அடங்குகிறவர்களே என்பது அவர் காட்டிய உண்மை. இரவலைத் திருப்பிக் கேட்டால் தீர்ந்தது ஆட்சி! ஆனால் கேட்பது யார்? முதலில் கேட்பது யார்?

இந்தக் கேள்விக்கு ஒரு சோதனை விடை சொல்லுகிறது. 1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற அறிஞர் சோதனை ஒன்றைத் தொடங்கினார். சாதாரண மனிதர்களை வரவழைத்து, அடுத்த அறையில் இருப்பவன் தவறான விடை சொல்லும்போதெல்லாம் மின்சாரம் பாய்ச்சும்படி ஆணையிட்டனர். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு படி கூட்டவேண்டும். உண்மையில் மின்சாரம் பாயவில்லை, அலறியது நடிப்பு. விசையை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. நாற்பதுபேரில் இருபத்தாறுபேர், 450 வோல்ட் என்று எழுதிய கடைசி விசைவரை அழுத்தினார்கள்! அவர்கள் கொலைகாரர்களா? இல்லை, நம்மைப்போல வேலைக்குப் போய் வருபவர்கள். "தொடருங்கள்" என்று ஒருவர் நிதானமாகச் சொன்னார், தொடர்ந்தார்கள். அவ்வளவுதான்.

தோழர்களே! அதே சோதனையின் இன்னொரு பகுதியை நெஞ்சிலே பதித்துக்கொள்ளுங்கள். விசையருகே அமர்ந்தவனோடு மேலும் இருவரை அமர்த்தினார்கள். அந்த இருவரும் நடுவிலே எழுந்து "நாங்கள் செய்யமாட்டோம்" என்று மறுத்தார்கள். அதைக் கண்டபின் கடைசிவரை போனவர் எத்தனைபேர்? நாற்பதுக்கு நால்வர்! அறிவுரை சாதிக்காததைப் பக்கத்திலே இருந்தவனின் மறுப்பு சாதித்தது. தலைவன் அஞ்சுவது எதிரியைக் காட்டிலும், "மாட்டேன்" என்று முதலில் சொல்லக்கூடிய தன் ஆளைத்தான். அதனால்தான் எந்தக் கூட்டத்திலும் முதல் கேள்விக்கு முதல் தண்டனை!

ஆளுகிறவனாவது விடுதலையாக இருந்தானா? அதுவும் இல்லை. அவன் உறங்கும்போது விழித்திருந்து காத்தவன் அவன் ஏவலாள்தானே? அந்த ஏவலாள் மனம் மாறினால்? ஆகவே அவன் உறக்கமும் அரை உறக்கம்தான். பிடித்து வைத்தவரைக் கொன்றால் பேரம் போகும். வெறுங்கையோடு விட்டால் கூட்டத்திலே மதிப்புப் போகும். செப்டம்பர் இறுதியிலே, ராஜ்குமாரோடு பிடிபட்டவர்களில் ஒருவர் காவலைத் தாண்டித் தப்பியும் விட்டார். அங்கே அந்நாளில் பழைய கூட்டாளிகளோடு, அரசியல் நோக்கம் கொண்ட தீவிரவாத இளைஞர்களும் சேர்ந்திருந்தனர். அவர்கள் வந்தபின் கோரிக்கையின் மொழியே மாறிற்று. காவிரி நீர், பெங்களூரிலே திருவள்ளுவர் சிலை, மாஞ்சோலைத் தொழிலாளர் கூலி, நீலகிரித் தேயிலைக்கு விலை, தடாக் கைதிகள் விடுதலை என்று பட்டியல் நீண்டது.

இங்கேதான் நம் மனம் வேதனைப்படுகிறது. அந்தப் பட்டியலிலே நியாயம் இல்லையா? உண்டு. மாஞ்சோலைத் தொழிலாளியின் கூலி நியாயம். அதற்காக 1999 ஜூலை 23-இல் நெல்லையிலே ஊர்வலம் சென்றவர்களில் பதினேழுபேர் தாமிரபரணிக் கரையில் உயிர் விட்டார்கள். அவர்கள் யாரையும் கடத்தவில்லை; மனுவைத்தான் ஏந்திச் சென்றார்கள். அந்தத் தியாகத்தை, எழுபது வயதுக் கலைஞர் ஒருவரின் கழுத்துக்கு விலையாகப் பேசலாமா? நல்ல கோரிக்கை கெட்ட கையிலே சிக்கினால், கை நல்லதாவதில்லை, கோரிக்கைதான் கறைபடுகிறது. பெங்களூரிலே மூடிக்கிடந்த வள்ளுவர் சிலை திறந்தது எப்போது? 2009 ஆகஸ்டில். அதே மாதம் சென்னையிலே கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தது. துப்பாக்கி திறக்காத திரையைப் பேச்சுவார்த்தை திறந்தது.

அந்த நூற்றெட்டு நாட்களில் "மாட்டேன்" என்ற சொல்லைத் துணிந்து சொன்னவர் யார் தெரியுமா? ஒரு தந்தை. 1992-இல் வீரப்பன் கூட்டத்தால் கொல்லப்பட்ட காவல் உதவி ஆய்வாளரைப் பெற்றவர். மைசூர்ச் சிறையிலிருந்த ஐம்பத்தொரு தடாக் கைதிகளை விடுவிக்க அரசு இணங்கியபோது, அவர் உச்சநீதிமன்றத்தின் படியேறினார். கலவரம் மூளுமே என்று இரு அரசுகளும் அஞ்சியதிலே பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் கடத்தியவனின் ஆணைக்கு நாடே அடங்கினால், நாளை அடுத்தவனும் ஆணையிடமாட்டானா? நவம்பர் 7-ஆம் நாள் நீதிமன்றம் அந்த விடுவிப்புக்கு வழியில்லை என்றது. எட்டாம் நாள் ராஜ்குமார் உயிரோடு வெளியே வந்தார்.

காட்டிலே மட்டும்தானா இந்த அடிமைப் பணிவு? காக்கி உடுப்புக்குள்ளும் அது உண்டு. 1992 ஜூன் 20-இல், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியிலே புகுந்தன. வீடுகள் சூறை, மக்களுக்கு அடி, பதினெட்டுப் பெண்களுக்கு வன்கொடுமை. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். அத்தனை பேரில் ஒருவன், "இது பாவம், நிறுத்துங்கள்" என்று குறுக்கே நின்றிருந்தால்? 2011-இல் அத்தனை பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அதற்குள் 54 பேர் இறந்தே போயிருந்தனர். 2023-இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. "மேலதிகாரி சொன்னார், செய்தோம்" என்பது மன்னிப்பு ஆகாது என்று அந்தத் தீர்ப்பு ஊருக்கு உரைத்தது.

அடக்கி ஆண்டவன் முடிவு என்ன ஆயிற்று? 2004 அக்டோபர் 18 இரவு, கண்ணுக்கு மருத்துவம் செய்துகொள்ளலாம் என்று நம்பி ஓர் ஆம்புலன்ஸ் வண்டியிலே ஏறினான். வண்டியை ஓட்டியவர் போலீஸ்காரர்! பாப்பாரப்பட்டி அருகே, கூட்டாளிகள் மூவரோடு அவன் கதை முடிந்தது. கேள்வி கேட்பவனை எல்லாம் விலக்கி வைத்தவனுக்கு, "இந்த வண்டியிலே ஏறாதே" என்று சொல்ல ஒருவன் மிஞ்சவில்லை. 2018-இல் கோபிசெட்டிபாளையம் நீதிமன்றம், கடத்தல் வழக்கிலே எஞ்சியிருந்த ஒன்பதுபேரையும், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று விடுவித்தது. பதினெட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. ராஜ்குமாரும் 2006-லேயே மறைந்துவிட்டார்.

தோழர்களே! நாம் கட்டுப்பாட்டைக் கண்டிப்பவர்கள் அல்லர். கட்டுப்பாடு இல்லாமல் சங்கம் இல்லை, போராட்டம் இல்லை, வெற்றி இல்லை. வேலைநிறுத்த நாளிலே ஒருவன் மட்டும் உள்ளே போனால் ஆயிரம் பேரின் அடுப்பு அணைகிறது, அதை அறிவோம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு, கூடிப் பேசி, எதிர்த்து வாதாடி, கை தூக்கி எடுத்த முடிவிலிருந்து பிறந்தது. அங்கே எதிர்த்துப் பேசியவன் மறுநாளும் தோழன்தான். கடத்தல் கூட்டத்திலே எதிர்த்துப் பேசியவன் மறுநாள் பிணம்.

ஆகவே எந்த அமைப்பையும் அளக்க ஓர் அளவுகோல் தருகிறோம். கொடியைப் பார்க்காதீர்கள், கோஷத்தைப் பார்க்காதீர்கள், தலைவரின் மாலையை எண்ணாதீர்கள். அங்கே "மாட்டேன்" என்று சொன்னவன் பத்திரமாக வீடு திரும்புகிறானா என்று பாருங்கள். திரும்பினால் அது இயக்கம். திரும்பாவிட்டால் அது கும்பல். அதிலே காவல் நிற்பவனும் கைதியே!

கிளைக் கூட்டமானாலும் ஆலை வாசலானாலும், தவறு என்று மனத்தில் பட்டதை முதலில் சொல்லும் ஒருவனாக இருங்கள். இரண்டாவது ஆள் உங்கள் பக்கத்திலேயே இருப்பான். உங்கள் வாய் திறப்பதற்காகத்தான் அவன் காத்துக்கொண்டிருக்கிறான்.