கோட்கடப்பும் பஞ்சாங்கக் கலைச்சொற்களும்

புறக்கோளொன்று தன் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது அவ்விண்மீனின் ஒளி சற்றே குறைகின்றது. குறைவின் அளவு கோளின் பருமனை உணர்த்தும். சூரியனை ஒத்த விண்மீனில் வியாழனளவு கோள் விளைவிக்கும் குறைவு ஏறத்தாழ 1 விழுக்காடு. புவியளவு கோள் விளைவிப்பது 0.008 விழுக்காடே. இந்நுண்மைக்கு விண்வெளித் தொலைநோக்கி இன்றியமையாதது. 2018ஆம் ஆண்டு அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் கெப்ளர் தந்த ஒளித்தரவையும் அபு மலையிலுள்ள தம் நிறமாலைக் கருவியின் அளவீட்டையும் இணைத்து, 19.5 நாளில் தன் விண்மீனைச் சுற்றும் கோளொன்றை உறுதிசெய்தனர். அதன் ஆரம் புவியைப்போல் ஏறத்தாழ 6 மடங்கு; நிறை 27 மடங்கு.

இதனைத் தமிழில் எழுதப் புகுவோர் கடப்பின் கட்டங்களைக் குறிக்கப் புதுச்சொல் தேடி அலைகின்றனர். அலைய வேண்டுவதில்லை என்பதே என் கருத்து. முழுச் சந்திர கிரகணத்திற்குப் பஞ்சாங்கம் ஐந்து சொற்களை வழங்குகின்றது: பரிசம், நிமீலனம், மத்தியம், உன்மீலனம், மோட்சம். சிறுவட்டம் பெருவட்டத்தைத் தொடுதல், முழுதும் உட்புகுதல், நடுவெய்துதல், வெளிவரத் தொடங்குதல், முற்றும் விடுபடுதல் என்பன அவற்றின் பொருள். நிழல்வட்டத்துள் நிலவு புகுவதற்கும் விண்மீன் வட்டத்துள் கோள் புகுவதற்கும் வடிவியல் ஒன்றே. வடசொல் வேண்டாதார் தொடுகை, அமிழ்வு, நடு, எழுகை, விடுகை எனக் கொள்ளலாம், பாகுபாட்டை இழத்தலாகாது. ‘பெயர்ச்சி’ என்பதோ இராசி மாற்றத்தையே நினைவூட்டும், அதனை விலக்குக.

இச்சொற்கள் வெறும் சடங்குச் சொற்கள் அல்ல. வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரி வந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜான்தீல், 1769 சூன் 4 காலையில் மேகத்தால் ஏமாந்தார். எனினும் இங்கிருந்த தமிழரிடம் கிரகணக் கணிதம் கற்றார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்முறை 41 வினாடி குறைவாகவும், ஐரோப்பாவில் போற்றப்பட்ட மேயரின் அட்டவணை 68 வினாடி மிகுதியாகவும் தந்தன என அவரே பதிந்துள்ளார். ஒரு கிரகணத்தைக் கொண்டு முறைகளின் உயர்வு தாழ்வை முடிவுசெய்தல் தகாது. 1825இல் ஜான் வாரன் கண்ட புதுவைக் கணிதர், தரையில் சோழி பரப்பி, மனப்பாட வாக்கியங்களால் கணித்த கிரகணத்தில் பிழை பல நிமிடங்கள் இருந்தது.

நாம் வருந்தத்தக்கது வேறு. இம்மரபை நாம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும், 1952இல் நாய்கபாவர் எழுதிய கட்டுரையிலுமே படிக்கின்றோம். எண்ணைச் சொல்லாக்கி நினைவில் நிறுத்திய வாக்கியங்கள் வடமொழியில் அமைந்தமையால் தமிழ்த்துறைகள் அவற்றைத் தம் எல்லைக்கு அப்பாற்பட்டனவாகக் கருதிவிட்டன. ஆயின் கையாண்டோர் தமிழ்க் கணிதர். கணக்கிட்ட நாழிகையும் விநாடியும் தமிழர் புழக்கத்தில் இருந்தவை. பூரணாங்குப்பம், பாகூர், வில்லியனூர் வட்டாரங்களின் பழைய பஞ்சாங்கங்களையும் கணிதச் சுவடிகளையும் தேடித் தொகுத்து, அவற்றின் சொற்களுக்கு அகராதி அமைக்கும் களப்பணியை முனைவர்பட்ட ஆய்வுத் தலைப்பாக ஏற்பதற்குப் புதுவைத் தமிழாய்வாளரினும் உரியவர் யாவர்?