தரவு ஒன்று, விடை பல

"தரவு ஒன்றானால் விடையும் ஒன்றுதான். வேறு விடை வந்தால் எங்கோ தில்லுமுல்லு." சமூகக் கணக்கெடுப்பு என்றாலே இப்படித்தான் பேசுகிறோம். மும்பையில் நடந்த ஒரு பரிசோதனையிலிருந்து தொடங்கி இதைச் சோதிக்கலாம்.

"எண் மாறினால் மோசடி." 2020 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தஹிசர் வார்டுகளில், முன்பு கொரோனா தொற்று வந்ததைக் காட்டும் எதிர்ப்பான் ரத்தத்தில் இருக்கிறதா என்ற பரிசோதனை நடந்தது. குடிசைப் பகுதிகளில் சுமார் 54 சதவீதம் பேருக்கு எதிர்ப்பான் தெரிந்தது. பரிசோதனைக் கருவி சிலரைத் தவறவிடும் என்று கணக்கில் சேர்த்தால் அதுவே சுமார் 58. ரத்தம் அதேதான், யாரும் ஏமாற்றவில்லை.

"திறமைசாலிகள் போட்டால் கணக்கு ஒத்துப்போகும்." 2011-12இல் இந்தியாவில் ஏழைகள் எத்தனை பேர்? டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 21.9 சதவீதம், ஏறக்குறைய 27 கோடி. ரங்கராஜன் குழுவின்படி 29.5 சதவீதம், 36.3 கோடி. டெண்டுல்கர், ரங்கராஜன் இருவருமே பெயர்பெற்ற பொருளியலாளர்கள். வறுமைக்கோட்டை எங்கே போடுவது, எத்தனை நாள் செலவை நினைவுபடுத்திச் சொல்லச் சொல்வது என்பதில்தான் வேறுபாடு. அந்த வேறுபாட்டால் சுமார் 9 கோடிப் பேர் வறுமைக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வருகிறார்கள். உலக அளவிலும் இதே கதைதான். குடியேற்றம் அதிகரித்தால் சமூகநலத் திட்டங்களுக்கு ஆதரவு குறையுமா என்று 73 ஆய்வு அணிகளிடம் ஒரே தரவைக் கொடுத்துக் கேட்டார்கள். முடிவுகள் 2022இல் வெளிவந்தன. குறையும் என்ற கணக்கும் வந்தது, கூடும் என்ற கணக்கும் வந்தது, தெளிவான தொடர்பே இல்லை என்ற கணக்குகளும் ஏராளமாக வந்தன.

"ஒரு குடிசைப் பகுதியின் எண் எல்லாவற்றுக்கும் பொருந்தும்." மீண்டும் மும்பைக்கு வருவோம். அங்குள்ள தாராவிக் குடிசைப் பகுதி ஜி-வடக்கு வார்டில் இருக்கிறது, எதிர்ப்பான் பரிசோதனை நடந்த மூன்று வார்டுகளில் அது இல்லை. மாட்டுங்காவின் எண்ணைத் தாராவியின் தலையில் கட்டுவதும் ஆய்வாளரோ செய்தியாளரோ எடுக்கும் முடிவுதான். தரவு அதைச் சொல்லவில்லை.

"அப்படியானால் எல்லாமே பொய்." அதுவும் அவசர முடிவு. அதே பரிசோதனையில் குடிசைக்கு வெளியே வசித்தவர்களிடம் எதிர்ப்பான் 16 சதவீதம். திருத்திய பிறகு சுமார் 17. எப்படிக் கணக்கிட்டாலும் குடிசைப் பகுதியில் தொற்று மூன்று மடங்குக்கும் மேல். கணக்கிடும் முறை மாறினாலும் அசையாத அந்த வேறுபாட்டை நம்பலாம்.

ஆகவே ஆய்வாளர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு கணக்கை மட்டும் வெளியிடாமல், மாற்றிப் போட்டுப் பார்த்த கணக்குகளையும் சேர்த்து வெளியிட வேண்டும். நாமும் ஒரு சதவீதத்தைப் படித்தால் "எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாமல், "வேறு விதமாகக் கணக்கிட்டால் எவ்வளவு?" என்றும் கேட்க வேண்டும்.