அறுபது நாள் ஜனநாயகம்

அரசாங்க அறிவிப்புகளின் அடியில் ஒரு வரி வரும். இந்த வரைவுத் திட்டத்தின் மீது ஆட்சேபனையோ ஆலோசனையோ இருந்தால் இன்ன அலுவலகத்துக்கு இன்ன தேதிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று. ஒரு நகரம் அடுத்த இருபது வருடத்தில் எப்படி வளர வேண்டும் என்று முடிவு செய்வதில், அங்கே குடியிருப்பவனுக்கு நடைமுறையில் உள்ள பங்கு அந்த ஒரு வரிதான். அதுவும் டெண்டர் விளம்பரத்துக்கும் காலமானார் செய்திக்கும் நடுவில் கிடக்கும். என் வயதுக்காரர்கள் காலமானாரைப் படித்து முடித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறோம்.

நான் நில அளவைத் துறையில் 34 வருடம் குப்பை கொட்டியவன். 5 சென்ட் நிலத்தை உட்பிரிவு செய்யப் போனால்கூட சர்வேயருக்கு முதல் வேலை என்ன தெரியுமா? பக்கத்து நிலக்காரர்கள் அத்தனை பேருக்கும் நோட்டீஸ் கொடுப்பது. அவர்கள் வந்து நிற்பார்கள். "சார், அந்தக் கல்லு அங்க கிடையாது, இந்தப் பனைக்கு மேக்க" என்பார்கள். சண்டை போடுவார்கள். சில நாள் வெயிலில் நம்மை இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்துப் பேசுவார்கள். ஆனால் இவ்வளவும் கல் நடுவதற்கு முன்னால் நடக்கும். கல்லை நட்டுவிட்டு, ஆட்சேபனை உண்டா என்று எந்த சர்வேயரும் கேட்பதில்லை. கேட்டால் அடி விழும்.

5 சென்ட்டுக்கு உள்ள இந்த மரியாதை ஒரு முழு நகரத்துக்கு ஏன் இல்லை? இதுதான் என் கேள்வி.

இப்போது எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், தூத்துக்குடி நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. 1974-ல் பெரிய துறைமுகமானது, 2008-ல் மாநகராட்சி ஆனது. 2025 ஜூலையில் வாகைக்குளம் விமான நிலையத்தில் புதிய முனையம் திறந்தார்கள். அடுத்த மாதமே சில்லாநத்தத்தில் வின்ஃபாஸ்ட் மின்கார் தொழிற்சாலை. தெற்கே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-ல் அடிக்கல் நாட்டியாயிற்று. இவ்வளவுக்கும் நடுவில்தான் சாயர்புரம், சேர்வைக்காரன்மடம், சிவத்தையாபுரம், குலையன்கரிசல் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. பைபாஸ் ஓரத்தில் பிளாட் கொடி நட்டிருப்பதைப் பார்த்தாலே தெரியும், யாரோ நமக்கு முன்னால் வரைபடம் பார்த்திருக்கிறார்கள். வளர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பேரன் வேலைக்குச் சென்னைக்கும் ஓசூருக்கும் ஓடாமல் இங்கேயே இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். எந்த வயல் வழியாக ரோடு போகும், எந்த ஓடை மேல் கோடவுன் எழும்பும் என்று தீர்மானிக்கும் மேஜையில் நமக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்கிறேன்.

சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ல் வந்தது. முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டுக் குறைந்தது இரண்டு மாதம் ஆட்சேபனைக்கு விட வேண்டும், நேரில் சொல்ல வேண்டும் என்று கேட்பவரை அழைத்துக் கேட்க வேண்டும் என்கிறது. எவர் வேண்டுமானாலும் எழுதலாம். நிலம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோயம்புத்தூரைப் பாருங்கள். அங்கே பழைய முழுமைத் திட்டம் 1994-ல் ஒப்புதல் பெற்றது. 2041 வரைக்குமான புதிய வரைவு வெளியானது 2024 பிப்ரவரியில். அதிகாரிகளுக்கு 30 வருடம், ஜனங்களுக்கு இரண்டு மாதம்!

அந்த இரண்டு மாதத்திலும் நாம் என்னத்தைப் பார்ப்பது? நான் ஒருமுறை ஒரு திட்ட வரைவைப் பார்க்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். நூற்றுக்கணக்கான பக்கம், முழுக்க இங்கிலீஷ். வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை. எது எந்த ஊர் என்று கண்டுபிடிக்க, சர்வே எண்ணோடு பழகிய எனக்கே அரை நாள் ஆனது. பக்கத்தில் நின்ற வாழை விவசாயி ஒருவர், "அண்ணாச்சி, நம்ம வயக்காடு எந்த கலர்ல கெடக்கு, அத மட்டும் சொல்லுங்க" என்றார். ஊதா. அவர் பதில் பேசவில்லை. ஆட்சேபனை எழுத அவருக்குத் தாள் வாங்கிக் கொடுத்தது நான்.

போப் ஐயர் 1842-ல் வந்து தங்கிப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் இது. பிற்காலத்தில் திருக்குறளை இங்கிலீஷுக்குக் கொண்டுபோனவர் அவர். நம் நிலத்தைப் பற்றிய திட்டத்தை இங்கிலீஷிலிருந்து தமிழுக்குக் கொண்டுவர மட்டும் நூற்றெண்பது வருடம் கழித்தும் ஆள் கிடைக்கவில்லை. இது தூத்துக்குடிக்கு மட்டும் உள்ள நோயும் இல்லை. 2020-ல் மத்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை வெளியிட்டபோது, அதை எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. அதை எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மொழிபெயர்ப்புக்கு ஆகும் செலவைவிட வக்கீலுக்கு ஆகும் செலவு குறைவு போலிருக்கிறது.

இன்னொரு விஷயம். வரைபடம் பேசுவது சர்வே எண்ணின் பாஷை. பட்டா உள்ளவன் எப்படியோ தேடிக் கண்டுபிடித்துவிடுவான். உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரும் பெண்ணுக்கு ஏது சர்வே எண்? திரேஸ்புரம் கரையில் வலை காயப்போடுகிறவருக்கு ஏது? உடங்காட்டில் ஆடு மேய்ப்பவருக்கு? ரெக்கார்டில் அந்த இடங்களெல்லாம் 'புறம்போக்கு', 'தரிசு'. ஆளில்லாத இடம் என்று வரைபவர் நினைத்துக்கொள்கிறார். முத்துக்குளித்த காலத்தில் வெள்ளைக்காரக் கலெக்டர்கூட எந்தப் பாரில் சிப்பி கிடக்கிறது என்று பரதவரை முன்னால் விட்டுத்தான் கண்டுபிடித்தார். கடலுக்கு அடியில் இருப்பது கரையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது என்ற அறிவு அவருக்கு இருந்தது.

கேட்காமல் வரைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். கோரம்பள்ளம் குளம் உடைந்து தண்ணீர் தூத்துக்குடிக்குள் போனது. அந்த அளவு மழைக்கு எந்தத் திட்டமும் தாங்காது என்று சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் மழை நின்ற பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் வடியாமல் நின்றதே, அதுவும் மழையின் குற்றமா? தூத்துக்குடி தாம்பாளம் மாதிரித் தட்டையான ஊர். சுற்றி உப்பளம். தண்ணீர் பக்கிள் ஓடை மாதிரி சில வழிகளில்தான் கடலுக்குப் போக முடியும். பழைய புலப்படத்தில் சின்னச் சின்ன ஓடைகளையெல்லாம் நாங்கள் வரைந்து வைத்திருக்கிறோம். அவற்றில் எத்தனை இன்று தெருவாகவும் கல்யாண மண்டபமாகவும் நிற்கின்றன என்று அந்தந்தத் தெருக்காரரைக் கேட்டால் விரல் விட்டு எண்ணுவார். கேட்கத்தான் ஆளில்லை.

கேட்டிருந்தாலும் யாரிடம் கேட்டிருப்பார்கள்? 2017 ஜூனில் தூத்துக்குடி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. பூங்கா, சாலை, பேருந்து நிலையம் என்று கோடிகள் வந்து இறங்கின. உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் மறுபடி நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து வருடத்துக்கு மேல் மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை. பெரும்பணம் செலவான அதே வருடங்களில் ஏன் குழி தோண்டினாய் என்று கேட்க வார்டுக்கு ஓர் ஆள் கிடையாது. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், நகரமைப்பை உள்ளாட்சியின் வேலையாகப் பட்டியலில் முதலாவதாக எழுதி வைத்திருக்கிறது. 1993-லிருந்து அமலில் இருக்கிறதாம்.

ஸ்டெர்லைட்டைச் சொல்லாமல் இந்த ஊரில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. அந்த ஆலைக்கு 1995-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தபோது பொது விசாரணை நடக்கவில்லை. அன்றைக்கு அது கட்டாயமும் இல்லை, கட்டாயமானது 1997-ல்தான். இரண்டாவது ஆலை விரிவாக்கத்துக்கு, மக்களிடம் கேட்ட பிறகே அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும் என்று மதுரைக் கிளை உத்தரவிட்டது 2018 மே 23 அன்று. முந்தின நாள்தான் துப்பாக்கிச் சூடு. 13 பேர் செத்தார்கள். ஆலை நல்லதா கெட்டதா என்று இன்றும் எங்கள் டீக்கடையில் இரண்டு கட்சி உண்டு. கேட்ட நேரம் பிந்திவிட்டது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே பேச்சு.

"ஜனங்களக் கேட்டா ஒரு ரோடு போட முடியாதுவே" என்பார் என் சிநேகிதர், ஓய்வு பெற்ற இன்ஜினீயர். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. கூட்டம் போட்டால் தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை நாறுகிறது என்றுதான் பேசுவார்கள், இருபது வருடத்துத் திட்டத்தை யாரும் பேச மாட்டார்கள் என்பார். இருபது வருடத்துத் திட்டத்தை யார் அவர்கள் கையில் கொடுத்தார்கள்? கேரளாவில் 1996-ல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்து, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்தார்கள். அங்கே ரோடு போடாமலா போனார்கள்? கோவாவில் 2006-ல் அறிவித்த வட்டாரத் திட்டத்தை எதிர்த்து ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், சில மாதத்தில் அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்றது. அடுத்த வரைவை ஊர் ஊராக, பஞ்சாயத்துகளுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டி வந்தது. மும்பையில் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வரைவில் ஜனங்கள் அடுக்கடுக்காகத் தப்பு கண்டுபிடித்தார்கள், ஏப்ரலில் அதை மறுபடி போடச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டால் தாமதமாகும் என்கிறவர்கள், கேட்காததால் இரண்டு தரம் வரைந்த கணக்கையும் சொல்ல வேண்டும்.

நம் ஊருக்கு இதில் ஒரு தனிச் சங்கடமும் உண்டு. பக்கத்துக் கிராமப் பஞ்சாயத்தில் ஒருவர் கிராம சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். சாயர்புரம் பேரூராட்சி, சட்டத்தின் கண்ணில் நகர்ப்புறம். நமக்குக் கிராம சபை கிடையாது. நகர்ப்புறங்களுக்காக 2022-ல் வார்டு கமிட்டி, ஏரியா சபை என்று விதி கொண்டுவந்தார்கள், நல்ல விதி. ஆனால் அது தெருவிளக்கோடு நின்றுவிடக் கூடாது. முழுமைத் திட்டத்துக்கு முதல் கோடு போடும் முன்பே ஒவ்வொரு ஏரியா சபையிலும் அந்தந்த ஊரின் வரைபடத்தைத் தமிழில், ஓடை, குளம், மேய்ச்சல், உப்பளம் எல்லாம் காட்டி ஒட்டி வைக்க வேண்டும். ஜனங்கள் பென்சிலால் திருத்தட்டும். வரைவு வந்த பிறகு, எந்தத் திருத்தத்தை ஏற்றார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்று ஊர் வாரியாக பதில் ஒட்ட வேண்டும். இரண்டு மாதத்தை ஆறு மாதம் ஆக்கட்டும். 30 வருடம் காத்திருந்தவர்களுக்கு நாலு மாதம் பெரிதா?

இதையெல்லாம் ஒரு மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். ஸ்ரீவைகுண்டம் வடகால் தண்ணீரில் வாழை போடுகிறவர்களும், பிளாட் வாங்கி வீடு கட்டியிருப்பவர்களும் சேர்ந்தே கையெழுத்துப் போட வேண்டும் என்பது என் ஆசை, இரண்டு பேர் வீட்டுக்குள்ளும் ஒரே தண்ணீர்தான் வந்தது. உங்கள் நிலம் எந்த சர்வே எண், எந்த ஓடைக்குப் பக்கம் என்று பார்த்துச் சொல்ல வேண்டுமானால் காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். பட்டா நகலோடு மூக்குக் கண்ணாடியையும் எடுத்து வாருங்கள், அந்த எழுத்து ரொம்பப் பொடி.