பூனைக்கு ஒரு பலகை வையுங்கள்

தேனி மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநர் அவர்களுக்கு,



கால்நடைக் கணக்கெடுப்பில் மாடு, எருமை, ஆடு, பன்றி, கழுதை, நாய், முயல் எல்லாம் உண்டு. யானைக்குக்கூட ஒரு கட்டம் உண்டு. 2019-இல் நடந்த 20-ஆவது கணக்கெடுப்பில் பூனைக்கு மட்டும் இடமில்லை. போடியில் ஏலக்காய்க் கிட்டங்கி, கம்பத்தில் பலசரக்குக் கடை, சின்னமனூரில் அரிசி ஆலை என்று எலி வரும் இடமெல்லாம் பூனையும் இருக்கிறது. எண்ணாமல் விட்டதை நாங்கள் பெரிதுபடுத்தவில்லை. அதன் உடம்பில் எதை ஊற்றக் கூடாது என்று யாரும் சொல்லாமல் இருப்பதுதான் எங்கள் குறை.

தெள்ளுப்பூச்சியைப் பற்றித்தான் எழுதுகிறோம். திராட்சைக்கும் ஏலத்துக்கும் மருந்தடித்துப் பழகிய பள்ளத்தாக்கு இது. வீட்டுப் பூனை சொறிய ஆரம்பித்தால் கால்நடை மருந்தகம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. தொழுவத்து மாடத்தில் மாட்டு உண்ணிக்குக் கலக்கும் டெல்டாமெத்ரின் பாதிப் புட்டி இருக்கும், அதில் கொஞ்சம். அது இல்லையென்றால் தோட்டத்துக்கு வாங்கிய சைபர்மெத்ரின். டவுன் வீடானால் நாயின் முதுகில் விடும் சொட்டு மருந்தில் மிஞ்சியது. அந்த நாய் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். மூன்றும் பைரித்ராய்டு என்ற ஒரே குலத்து நஞ்சுகள். மாடு தாங்கும், நாய் தாங்கும், பூனை தாங்காது.

உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இது திறந்த மடல் என்பதால், படிக்கிறவர்களுக்காகக் காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். உடம்புக்குள் போன பல ரசாயனங்களைக் கல்லீரல் குளுகுரோனிக் அமிலத்தோடு சேர்த்துக் கரைத்து வெளியே தள்ளும். அந்த வேலைக்கு வேண்டிய நொதிகளில் சில பூனையிடம் மிகக் குறைவு. நமக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொன்றுவிடக்கூடியது என்பதற்கும் இதே குறைதான் காரணம். போதாக்குறைக்கு, பூனை நாள் முழுக்கத் தன் உடம்பை நக்கும் பிராணி. மேலே ஊற்றியது எல்லாம் வயிற்றுக்குள்ளும் போகும்.

பெர்மெத்ரின் பட்ட பூனைக்குச் சில மணி நேரத்தில் காது துடிக்கும், எச்சில் ஒழுகும், உடம்பு வெடவெடக்கும், பிறகு வலிப்பு. அறிகுறி தெரிய ஒன்றிரண்டு நாள் ஆவதும் உண்டு. லண்டனில் உள்ள கால்நடை நச்சுத் தகவல் மையத்துக்கு வந்த, பெர்மெத்ரின் பட்ட 286 பூனைகளின் விவரம் 2007-இல் வெளியானது. ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் நஞ்சின் அறிகுறி இருந்தது. பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல் இறந்தன. மருத்துவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற நாட்டுக் கணக்கு அது. வருசநாட்டு மலையடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பூனைக்கு வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பட்டுவிட்டால் செய்ய வேண்டியது: வெதுவெதுப்பான தண்ணீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் உடனே கழுவி, துவட்டி, குளிர் அண்டாமல் துணியில் சுற்றி, மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

சரி, நல்ல மருந்து இல்லையா என்றால், இருக்கிறது. பூனைக்கென்றே அளவிட்ட ஃபிப்ரோனில் சொட்டு, செலமெக்டின் சொட்டு இரண்டும் எட்டு வாரம் தாண்டிய பூனைக்குப் போடலாம். எடை பார்த்து, பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், ரோமத்தை விலக்கித் தோலில் படும்படி விட வேண்டும். உறையில் பூனை என்று எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய நாயின் குப்பியைப் பாதி பாதியாகப் பங்கு போடுவது சிக்கனமில்லை. நாய்க்குப் பெர்மெத்ரின் சொட்டு போட்ட வீட்டில் அது காயும்வரையாவது பூனையைப் பக்கத்தில் படுக்க விடக் கூடாது. இரண்டு மூன்று நாள் பிரித்து வைத்தால் இன்னும் நல்லது. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு நெருக்கமான பல் சீப்பும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணமும் போதும். குட்டியைச் சும்மா விடவும் முடியாது; தெள்ளு மண்டினால் ரத்தசோகையிலேயே செத்துப்போகும்.

கைவைத்தியக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மண்ணெண்ணெய், புகையிலைத் தண்ணீர், அந்துருண்டைப் பொடி, யூகலிப்டஸ் தைலம், பூண்டுச் சாறு எதுவும் பூனைக்கு வேண்டாம். வேப்பெண்ணெய் நமக்குத் தெய்வம் மாதிரி. அதையும் நக்கினால் பூனைக்குக் கெடுதல்தான்.

இன்னொன்றையும் மக்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது உங்கள் துறைதான். பூனை மேல் தெரிகிற தெள்ளு மொத்தத்தில் சிறு பங்கு. முட்டையும் புழுவும் கூடுமாகப் பெரும்பங்கு சாக்குக்கு அடியில், திண்ணை இடுக்கில், மணலில் கிடக்கிறது. கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும். ஒரு தடவை மருந்து விட்டு, பத்து நாளில் மறுபடி தெள்ளைப் பார்த்ததும் ‘இதுக்கு வீரியம் பத்தாது’ என்று வயல் மருந்தைத் தேடிப் போகிறார்கள். விபத்து பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. பூனை படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அலசி வெயிலில் போட்டு, வீட்டை மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, மூன்று மாதம் விடாமல் பூனை மருந்தையே போட்டு வந்தால் அடங்கிவிடும்.

தெள்ளுக்கு ஒரு மடலா என்று கோப்பைப் புரட்டும் அலுவலர் யாராவது சிரிக்கக்கூடும். 1934-இல் பி. வி. ஜார்ஜும் டபிள்யூ. ஜே. வெப்ஸ்டரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்ட பிளேக் ஆய்வு இதே கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றியது. அன்று இங்கே எலியையும் எலித் தெள்ளையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பூனைத் தெள்ளு வேறு இனம், பிளேக்கைப் பரப்புவதில் கெட்டியும் இல்லை. யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் நாடாப்புழுவைக் குழந்தைகள் வரை கொண்டுவரும், பூனைக் கீறல் காய்ச்சலின் கிருமியைப் பூனைக்குப் பூனை கடத்தும். வீட்டு ஆரோக்கியத்தைச் சேர்ந்த விஷயம்தான்.

கேட்பது பெரிய செலவில்லை. மாவட்டத்தின் ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும், நாய்ப் பூனைப் பொருள் விற்கும் கடையிலும், வேளாண் துறையோடு பேசிப் பூச்சிமருந்துக் கடைகளிலும், தமிழில் ஒரு பலகை: ‘நாய் மருந்து, மாட்டு மருந்து, வயல் மருந்து எதையும் பூனைக்குப் போடாதீர்கள்.’ கால்நடை மருந்து உறையில் மனிதர் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சிடச் சட்டம் வற்புறுத்துகிறது. பூனைக்கு ஆகாது என்பதைக் கவுண்ட்டரில் நிற்பவராவது வாயால் சொல்லட்டும். அவர்களுக்கு ஒரு நாள் வகுப்பெடுக்கத் தேனியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருந்தகங்களில் பூனை அளவுச் சொட்டு மருந்து இருப்பில் இருக்கட்டும். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கு ஒருவர் பதறிப்போய் அழைத்தால், வண்டி வராவிட்டாலும், கழுவும் முறையைப் போனிலேயே சொல்லத் தெரிந்தவர் எடுக்கட்டும்.

ஜூலை 6, விலங்குவழி பரவும் நோய்களுக்கான நாள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாமுக்கு அன்று நாயோடு பூனையும் கூடையில் வரும். அதற்குள் பலகைகளை மாட்டிவிடுங்கள்.