சூரியனை நெருங்கிய பார்க்கர், விலகி நின்று கண்காணிக்கும் ஆதித்யா: இரண்டும் ஏன் தேவை?

சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். அதைச் சூழ்ந்துள்ள கரோனா என்னும் வெளி வளிமண்டலத்திலோ அது 10 லட்சம் டிகிரியைத் தாண்டுகிறது. அடுப்பை விட்டு விலக விலக வெப்பம் குறைய வேண்டும், இங்கு கூடுகிறது. இந்தப் புதிருக்கு விடை தேடி நாசா 2018 ஆகஸ்ட் 12-இல் ஏவிய பார்க்கர் விண்கலம், 2024 டிசம்பர் 24 அன்று சூரியனின் மேற்பரப்பிலிருந்து 61 லட்சம் கி.மீ. தொலைவை எட்டியது. மனிதர் படைத்த எந்தக் கலமும் அதுவரை இவ்வளவு அருகே சென்றதில்லை.

அணுகுவதில் என்ன சிக்கல்?

பூமி மணிக்குச் சுமார் 1.07 லட்சம் கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. இங்கிருந்து புறப்படும் கலத்துக்கும் அந்தப் பக்கவாட்டு வேகம் உண்டு. அதைக் குறைத்தால்தான் சூரியனை நோக்கி இறங்க முடியும். எரிபொருளை மட்டும் நம்பி இதைச் செய்வது நடைமுறைக்கு ஒவ்வாது. எனவே பார்க்கர் ஏழு முறை வெள்ளிக் கோளை ஒட்டிப் பறந்து, அதன் ஈர்ப்பைப் பயன்படுத்தித் தனது பாதையைச் சிறிது சிறிதாகச் சுருக்கிக்கொண்டது.

வெப்பத்தைத் தாங்குவது 11.4 செ.மீ. தடிமனுள்ள கார்பன் கவசம். அதன் முகப்பு 1,400 டிகிரி வரையிலான வெப்பத்தைத் தாங்கும். நிழலில் உள்ள கருவிகளோ அறை வெப்பநிலையை ஒட்டியே இயங்குகின்றன. பூமியிலிருந்து கட்டளை சென்றுசேர எட்டு நிமிடம் ஆகும் என்பதால், கவசத்தைச் சூரியனை நோக்கியே வைத்திருக்கும் பொறுப்பும் கலத்திடமே விடப்பட்டுள்ளது.

ஆதித்யாவின் பணி வேறு

2023 செப்டம்பர் 2-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1, சூரியனுக்கு அருகே செல்லவில்லை. பூமியிலிருந்து அது சுமார் 15 லட்சம் கி.மீ. தொலைவில் உள்ளது, இது சூரியனுக்கான தொலைவில் நூற்றில் ஒரு பங்குதான். இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. பார்க்கர் ஒவ்வொரு சுற்றிலும் சில நாட்களே சூரியனை நெருங்குகிறது. ஆதித்யாவோ கிரகண மறைப்பின்றி, ஏழு கருவிகளுடன் இடைவிடாது கண்காணிக்கிறது.

ஆனால் அந்த இடத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. சூரியப் புயலின் துகள்கள் அங்குள்ள கருவிகளைத் தொட்ட பிறகு, பூமியை அடைய ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோதான் எஞ்சும். முன்கூட்டியே எச்சரிக்க வேண்டுமெனில், புயல் எவ்வாறு பிறந்து வேகம் பெறுகிறது என்பதை அறிய வேண்டும். அதற்கான தரவை அருகிலிருந்து தருவது பார்க்கர்.

எச்சரிக்கையின் மதிப்பு

1989 மார்ச் மாதம் சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேர் பல மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். 2022 பிப்ரவரியில் ஒரு மிதமான புயலே மேல் வளிமண்டலத்தை விரிவடையச் செய்து, புதிதாக ஏவப்பட்ட 38 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை வீழ்த்தியது. 2024 மே மாதம் வீசிய வலுவான புயலின்போது லடாக்கின் ஹான்லே வானம் சிவந்தது. வானிலை, வழிகாட்டுதல், தொலைத்தொடர்பு என அன்றாடப் பணிகளுக்காக 50-க்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்களைப் பேணும் இந்தியாவுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறது. அதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே ஆதித்யாவின் முதன்மைக் கருவியையும் உருவாக்கியது. கண்காணிப்பில் நமக்கு அனுபவப் பஞ்சமில்லை. கலத்தைச் செலுத்தியதோடு சாதனை முடிந்துவிடவில்லை. திட்டமிடப்பட்ட ஐந்து ஆண்டுப் பணிக்காலத்துக்குள் அதன் தரவு, மின்கட்டமைப்பையும் செயற்கைக்கோள்களையும் இயக்குவோர் நம்பிச் செயல்படக்கூடிய அன்றாட முன்னறிவிப்பாக மாற வேண்டும். ஆதித்யாவின் உண்மையான வெற்றி அதைப் பொறுத்தே அமையும்.