பட்டனைத் தட்டினால் நாய் படிக்குமா?

எங்கள் குத்துக்கல்வலசைப் பக்கம் புது வீடுகள் பெருகப் பெருக நாய்களும் பெருகிவிட்டன. அதில் தவறொன்றும் இல்லை. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். இங்கே வயதான இரண்டு பேர், ஒரு பெரிய வீடு, ஒரு இரும்பு கேட். "உங்களுக்குத் துணையா இருக்கட்டும்" என்று மகன் லாப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ ஒரு குட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரு வருடத்தில் அது முப்பது கிலோ ஆகிவிடுகிறது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடக்க எழுபது வயதுக் கைக்குத் தெம்பு இல்லை. ஆகவே கட்டிப்போடுகிறார்கள். கட்டிப்போட்டால் குரைக்கிறது. ராத்திரி முழுக்கக் குரைத்தால் பக்கத்து வீட்டார் எத்தனை நாள் பொறுப்பார்கள்? இந்தக் கட்டத்தில்தான் மகன் ஆன்லைனில் ஆர்டர் போட்டு அனுப்பும் அடுத்த பொருள் வந்து சேர்கிறது. அதுதான் ஷாக் பெல்ட்.

"அண்ணாச்சி, நீங்க கவர்மெண்டுல இருந்தவங்க. இதைக் கட்டலாமா, கூடாதா? சொல்லுங்க" என்று காலை நடையில் ஒரு நண்பர் கேட்டார். கூடாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் காரணம் எழுதாமல் முடிவை மட்டும் எழுதினால் அது எந்த ஆபீஸ் கோப்பிலும் செல்லாது. அதனால் காரணங்களைக் கீழே எழுதுகிறேன்.

முதலில், பார்த்திராதவர்களுக்காக அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். கழுத்துப் பட்டையில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதற்குள் பேட்டரி. பெட்டியிலிருந்து இரண்டு உலோக முனைகள் நாயின் கழுத்துத் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். நம் கையில் ரிமோட். பட்டனை அழுத்தினால் அந்த இரண்டு முனைகளுக்கு இடையே மின்சாரம் பாயும். எவ்வளவு பலமாக அடிக்க வேண்டும் என்று நாமே கூட்டலாம், குறைக்கலாம். இன்னொரு வகைக்கு ரிமோட்டே வேண்டாம். நாய் குரைத்தால் தானாக ஷாக் அடிக்கும்.

"சோலார் வேலி மாதிரிதானே? காட்டுப்பன்றிக்குப் போடுகிறோமே" என்று கேட்பவர்கள் உண்டு. மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கும் நமக்கு அது தெரிந்த பொருள்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வேலி ஓர் இடத்தில் நிற்கிறது. பன்றி வந்து தொட்டால் அடிபடும், விலகினால் தப்பிக்கும். எது வலிக்கிறது என்பது அதற்கு உடனே விளங்கிவிடும். பெல்ட்டோ நாயின் கழுத்திலேயே இருக்கிறது. அது எங்கே ஓடினாலும் வலி கூடவே ஓடும். வலி எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. அந்த நேரத்தில் கண்ணில் எது பட்டதோ, அதன்மேல் பழியைப் போட்டுவிடும். கேட்டுக்கு வெளியே பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று போகிறது, நாய் குரைக்கிறது, நாம் பட்டனைத் தட்டுகிறோம். குரைக்கக் கூடாது என்று நாய் படிக்கலாம். பிள்ளைகள் வந்தால் கழுத்தில் சுளீர் என்று வலிக்கும் என்றும் படிக்கலாம். இரண்டாவதைப் படித்த நாய் அடுத்த முறை குரைக்காமலே பாயும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தியைப் படித்துப் பயந்துபோனவர்களே இந்தப் பெல்ட்டை அதிகம் விசாரிக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. பயந்த நாயும் கடிக்கும் என்பதைத்தான் நினைவுபடுத்துகிறேன்.

நம் ஊருக்கென்று இன்னொரு சங்கடமும் உண்டு. ஜூன் பிறந்தால் சாரல். நாயின் கழுத்து முடி நாள் கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஈரத்தோலில் மின்சாரம் பாய்வது வேறு, உலர்ந்த தோலில் பாய்வது வேறு. நேற்று வைத்த அதே எண் இன்று எவ்வளவு வலிக்கும் என்று நமக்குத் தெரியாது. போதாததற்கு, இரண்டு முனைகளும் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் தோல் புண்ணாகும். நாள் முழுக்கக் கட்டி வைக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களே எச்சரிப்பது அதனால்தான்.

எதிர்த் தரப்பின் வாதத்தில் பலமானது இதுதான்: "ரோட்டுக்கு ஓடுகிற நாயை, ஆட்டைத் துரத்துகிற நாயை வேறு எப்படி நிறுத்துவது? ஒரு ஷாக்கில் அதன் உயிர் தப்பிவிடுமே." இதை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தார் இதையே சோதித்துப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். கூப்பிட்டால் வராத, ஆடுமாடுகளைத் துரத்துகிற நாய்கள் 63. அவற்றை 21 வீதம் மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு, பெல்ட் உபயோகிப்பதில் தேர்ந்தவர்கள் பெல்ட் போட்டே பயிற்சி கொடுத்தார்கள். அதே ஆட்கள் இன்னொரு கூட்டத்துக்கு ஷாக் இல்லாமல் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டம், தின்பண்டம் கொடுத்துப் பழக்குகிறவர்களிடம் போனது. கடைசியில் பார்த்தால், பெல்ட் போட்ட நாய்கள் மற்றவற்றைவிட நன்றாகப் படித்துவிடவில்லை. பதற்றத்தின் அறிகுறிகள் மட்டும் அவற்றிடம் கூடுதலாக இருந்தன. தேர்ந்த ஆட்களின் கையிலேயே இப்படி என்றால், கண்ணாடியைத் தேடிக்கொண்டே ரிமோட்டைத் தேடும் நம் கையில் எப்படி இருக்கும்?

நெதர்லாந்தில் ஜெர்மன் ஷெப்பர்டு காவல் நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2004-ல் வந்தது. பயிற்சி மைதானத்தில் ஷாக் வாங்கிய நாய்கள், சும்மா பூங்காவில் உலாவும்போதுகூட எஜமானர் பக்கத்தில் இருந்தால் ஒடுங்கின. ஆள் வந்தால் வலி வரும் என்று அவை முடிவு கட்டிவிட்டன. துணைக்கு என்று வாங்கிய நாய் நம்மைக் கண்டு ஒடுங்கினால் அது என்ன துணை?

"ஆனால் குரைப்பதை நிறுத்திவிட்டதே!" என்பார்கள். நிறுத்தும்தான். 1960-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன், மையர் என்ற இருவர் நாய்களுக்குத் தப்பிக்கவே முடியாதபடி ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு, சின்னத் தடுப்பு ஒன்றைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்ற இடத்தில் விட்டபோதும் அவற்றில் பெரும்பாலானவை தாண்டவில்லை. படுத்து முனகிக்கொண்டே வலியை வாங்கிக்கொண்டன. எதைச் செய்தாலும் பயனில்லை என்று கைவிட்டுவிட்ட நாயும் அமைதியாகத்தான் இருக்கும். அதைப் படித்த நாய் என்று சொல்ல முடியாது.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சு மொழியில் நாயின் சொந்தக்காரரை 'மேத்ர்' என்பார்கள். பள்ளி ஆசிரியருக்கும் அதே சொல்தான். எங்களுக்கு வாய்த்த மேத்ர்களில் பிரம்பு வைத்திருந்தவரும் உண்டு, வைத்திராதவரும் உண்டு. பிரம்புக்காரர் வகுப்பில் ஊசி விழுந்தால் சத்தம் கேட்கும். ஆனால் ஐம்பத்தைந்து வருடம் கழித்தும் என் நாவில் நிற்கும் பிரெஞ்சு, பிரம்பில்லாதவர் சொல்லிக் கொடுத்தது.

"அந்தக் காலத்தில் நாயைக் கம்பால் அடிக்கவில்லையா? அதற்கு இது எவ்வளவோ மேல்" என்று ஒரு பேச்சு. கம்படியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் கம்படிக்குச் சில தடைகள் உண்டு. அடிக்கிறவன் எழுந்து போக வேண்டும். கை வலிக்கும். நாய் கத்துவது காதில் விழும். தெருவில் யாராவது, "ஏம்ப்பா வாயில்லா ஜீவனைப் போட்டு இப்படி அடிக்கிற?" என்று கேட்பார்கள். பட்டனுக்கு இவை ஒன்றும் கிடையாது. ஜன்னலுக்கு உள்ளே, டிவி சீரியலைப் பார்த்துக்கொண்டே அழுத்தலாம். யாரும் பார்க்க மாட்டார்கள். அழுத்துகிறவரே பார்க்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு பழைய சட்டக் கதை உண்டு. பிரான்சில் 1850-ல் கிராமோன் என்ற தளபதி நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த சட்டம், வீட்டு விலங்குகளைப் பொது இடத்தில் கொடுமைப்படுத்தினால் 5 முதல் 15 பிராங்க் அபராதம் என்றது. பொது இடத்தில் என்பதைக் கவனியுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு அடித்தால் குற்றமில்லை! அந்த ஓட்டையை அடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1959-ல்தான், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் குற்றம் குற்றமே என்று மாற்றினார்கள். ஷாக் பெல்ட் நம்மை மறுபடி 1850-க்குக் கொண்டுபோய் விடுகிறது. வலி இருக்கிறது, ஆனால் யார் கண்ணிலும் படுவதில்லை. வேல்ஸ் நாட்டில் 2010-லேயே இதைத் தடை செய்துவிட்டார்கள். ஜெர்மனியில் 2006-ல் உயர் நிர்வாக நீதிமன்றமே கூடாது என்றது. பிரெஞ்சு தேசிய சபை 2023 ஜனவரியில் தடை மசோதாவுக்கு முதல் கட்ட ஒப்புதல் கொடுத்தது. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரியில் வருவதாக இருந்த தடை வராமல் போய்விட்டது.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர் நம் ருக்மிணிதேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் தொடக்கம். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற்றார். அந்தச் சட்டத்தில் ஷாக் பெல்ட் என்ற பெயர் இல்லை. ஆனால் 11-வது பிரிவின் முதல் உட்பிரிவே, விலங்குக்குத் தேவையில்லாத வலியோ துன்பமோ உண்டாக்குவது குற்றம் என்கிறது. வலியில்லாமலே அதே பாடத்தைக் கற்பிக்க முடியும் என்றால், அந்த வலி தேவையில்லாத வலிதானே?

பலர் கவனிக்காத இன்னொரு வரியும் அதே பிரிவில் உண்டு. வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு அதன் சொந்தக்காரர் போதிய நடமாட்டம் தராவிட்டால் அதுவும் குற்றம். நியாயமற்ற அளவுக்குக் குட்டையான, கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். இன்று தென்காசி பஸ் ஸ்டாண்டில் இரண்டு காபிக்கு ஆகிற காசு. தொகையைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் அந்த வரியில் உள்ள நியாயத்தைப் பாருங்கள். நாய் குரைப்பதற்குக் காரணம் நாம் கட்டிப்போட்டது. சட்டம் நம்மைத்தான் கேள்வி கேட்கிறது. நாமோ நம் குற்றத்துக்குத் தண்டனையை நாயின் கழுத்தில் கட்டுகிறோம்.

சரி, என்னதான் செய்வது? எழுபது வயதுக்காரர்களுக்குச் சாத்தியமானதை மட்டும் சொல்கிறேன். திடீரென்று அதிகம் குரைக்கத் தொடங்கினால் முதலில் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். காதுப் புண்ணும் உண்ணியும்கூட நாயைத் தூங்க விடாது. தெருவைப் பார்த்து இரும்பு கேட்டருகில் கட்டாதீர்கள். பின்பக்கம் நிழலில் விடுங்கள். கழுத்துச் சங்கிலிக்குப் பதில் நெஞ்சைச் சுற்றிப் போடும் பெல்ட் வாங்குங்கள். முன்பக்கம் கொக்கி உள்ளதாக இருந்தால் இழுக்கும் வேகம் குறையும். அப்படியும் பிடிக்க முடியாதவர்கள், காலையும் மாலையும் அரைமணி நேரம் நடத்திக் கூட்டிப்போக ஒரு நம்பகமான ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள். மகன் பெல்ட்டுக்குப் போடும் பணத்தை அதற்குக் கொடுக்கட்டும். கூப்பிட்டு வந்தால் அவித்த முட்டையில் ஒரு துண்டு, குரைப்பதை நிறுத்தினால் இன்னொரு துண்டு. இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் மாற்றம் தெரியும். அதற்குப் பொறுமை வேண்டும். பென்ஷன்காரர்களுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

இனி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கைக்கு அடங்காத நாயை மகன் ஆசைப்பட்டுக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நல்ல ஜாதிதான். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலைகூட வெளியிட்டார்கள். ஆனால் ஓடுவதற்கென்றே பிறந்த அவற்றை நாலு சென்ட் வீட்டில் கட்டிப்போடுவது பாவம். துணைதான் வேண்டும் என்றால் தெருவில் பிறந்த ஒரு குட்டி போதும். தடுப்பூசி போட்டு வளருங்கள். அது உங்கள் குரலுக்கே வரும்.

ஏற்கெனவே பெல்ட் வாங்கி வைத்திருப்பவர்கள் அதைத் திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். முடியாவிட்டால் பேட்டரியைக் கழற்றி எறிந்துவிடுங்கள். வேறு விதமாக நினைப்பவர்கள் தாராளமாக எனக்கு எழுதலாம். ஆனால் எழுதுவதற்கு முன், அந்த இரண்டு முனைகளையும் உங்கள் முழங்கையில் வைத்து ஒரே ஒரு முறை பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இதய நோய் உள்ளவர்களும் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.