நூறு முறை தோற்றாலும் காசு கேட்காது!

வீரன் ஒருவன். பெயர் டர்க். அவன் விரும்பும் இளவரசி டாப்னியை ஒரு டிராகன் கோட்டைக்குள் அடைத்து வைத்திருக்கிறது. அவளை அவன் மீட்க வேண்டும்.

இதுதான் "டிராகன்ஸ் லேர்" விளையாட்டு. 1983-ம் ஆண்டு அமெரிக்காவில் விளையாட்டுக் கூடங்களுக்கு வந்தது. டிஸ்னி நிறுவனத்தில் இருந்து விலகிய டான் புளூத் குழுவினர் இதற்குப் படம் வரைந்தார்கள். பார்த்தால் கார்ட்டூன் சினிமாவேதான்!

படம் முழுவதும் லேசர் தட்டு ஒன்றில் இருந்தது. ஆடுகிறவர் கைப்பிடியை அசைத்தால், அதற்கு ஏற்ற காட்சிக்கு இயந்திரம் தாவும்.

காசை விழுங்கியது

மற்ற விளையாட்டுகளுக்குச் சாதாரணமாக 25 சென்ட். இதற்கு 50 சென்ட்! தப்பான பக்கம் திருப்பினால் டர்க் செத்தான். சரியான பக்கம் எது? தோற்றுத் தோற்றுத்தான் அதைக் கற்க வேண்டும்.

பையில் காசு உள்ள பையன் கற்றான். இல்லாதவன் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தான்.

வீட்டுக்கு வந்தது

1986-ல் கம்மடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இந்த விளையாட்டு வந்தது. அதன் நினைவகம் 64 கிலோபைட்தான். சினிமாப் படம் அதில் அடங்குமா? அடங்காது. எனவே சின்னச் சின்னச் சித்திரங்களைப் புதிதாகப் போட்டார்கள்.

1989-ல் அமிகா கம்ப்யூட்டருக்கு வந்ததோ வேறு மாதிரி. புளூத்தின் சித்திரங்களே அதில் ஓடின. ராண்டி லிண்டன் என்பவர் அவற்றைச் சுருக்கி, 6 பிளாப்பி தட்டுகளில் அடக்கினார். ஆடும்போது தட்டை மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

குறை உண்டு

எல்லாக் காட்சிகளும் அதில் இல்லை. விடுபட்ட காட்சிகள் பிறகு தனி விளையாட்டாக விற்பனைக்கு வந்தன. ஒரே கோட்டைக்கு இரண்டு முறை விலையா என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

ஆனாலும் அசலைவிட ஒரு விஷயத்தில் இந்த நகல் உயர்ந்தது. கூடத்தில் ஒவ்வொரு தவறுக்கும் விலை உண்டு. வீட்டில் ஒரு முறை வாங்கினால் போதும். அண்ணன் தோற்ற இடத்தில் தம்பி முயன்று பார்க்கலாம். நூறு முறை தோற்றாலும் யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

2009-ல் இந்த விளையாட்டு ஐபோனுக்கே வந்துவிட்டது. இன்று பார்ப்பவர்களுக்கு அந்த 6 தட்டுகள் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், பின்னால் நின்ற பையனின் கையில் கைப்பிடியைக் கொடுத்தவை அந்தத் தட்டுகள்தான். படம் மங்கியதை அந்தப் பையன் பெரிதாக நினைத்திருக்க மாட்டான்!